வெளிப்புறத் தண்ணீர்க் குழாய் உறைதல்

வெளிப்புறத் தண்ணீர்க் குழாய் உறைதல் என்பது, கட்டடத்துக்கு வெளியிலோ குளிர்காற்று படும் இடங்களிலோ செல்லும் குழாய்களில் நிற்கும் நீர் குளிர்காலத்தில் பனிக்கட்டியாகி, நீரோட்டத்தை அடைத்துவிடுவதைக் குறிக்கும். கனடா, அமெரிக்க ஐக்கிய நாடுகள், ஐக்கிய இராச்சியம், வட ஐரோப்பிய நாடுகள், இந்தியாவில் காஷ்மீர், லடாக் போன்ற பகுதிகளில் இது குளிர்காலந்தோறும் நிகழ்கிறது. தண்ணீர் வராமற்போவது இதன் சிறிய விளைவு. குழாய் வெடித்து, பனி உருகியதும் வீட்டுக்குள் நீர் பாய்வதே பெரிய சேதம். உறைந்த குழாயை இளக்க நெருப்பைப் பயன்படுத்தி வீடே தீப்பற்றுவதும் உண்டு.

குழாய் என்னும் சொல் தமிழில் நீர் செல்லும் நீண்ட பைப்பையும், நீரைத் திறந்து மூடும் வாயையும் குறிக்கும். குழப்பத்தைத் தவிர்க்க, இக்கட்டுரையில் முன்னது குழாய் என்றும் பின்னது திருகுகுழாய் என்றும் குறிப்பிடப்படுகின்றன.

நீர் உறையும் விதம்

பெரும்பாலான பொருட்கள் குளிரும்போது சுருங்குகின்றன. நீரும் 4 பாகை செல்சியசு வரை அவ்வாறே சுருங்குகிறது. அதற்குக் கீழே குளிரும்போது மெல்ல விரியத் தொடங்கி, பனிக்கட்டியாக மாறும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிகிறது. 1 லிட்டர் நீர் உறைந்தால் ஏறத்தாழ 1.09 லிட்டர் இடத்தை எடுத்துக்கொள்ளும்.

குழாயில் உள்ள நீர் 0 பாகையைத் தொட்டவுடன் உறைந்துவிடுவதில்லை. அசையாமல் நிற்கும் நீர் பல பாகைகள் கீழே சென்றும் நீர்மமாகவே இருக்கக்கூடும். இந்நிலை மீக்குளிர்வு எனப்படுகிறது. பின்னர் ஏதேனும் ஒரு புள்ளியில் பனிப்படிகம் தோன்றினால், நீரின் ஒரு பகுதி சட்டென்று உறைந்து, செடியின் கிளைகளைப் போன்ற மெல்லிய படிகங்கள் குழாயின் குறுக்கே பரவுகின்றன. −5 பாகை வரை மீக்குளிர்ந்த நீரில் ஏறத்தாழ 6 விழுக்காடு இவ்வாறு ஒரே வேளையில் உறையும். உறைந்த அளவு குறைவுதான் என்றாலும், நீரோட்டத்தைத் தடுக்க அந்தப் படிக வலையே போதுமானது. அதன் பின் குழாய்ச் சுவரிலிருந்து உள்நோக்கிப் பனிக்கட்டி வளர்ந்து குழாயை முழுவதுமாக அடைக்கிறது.

குழாய் வெடிப்பதற்கான காரணம்

பனிக்கட்டி விரிந்து குழாய்ச் சுவரை நெருக்குவதால்தான் குழாய் வெடிக்கிறது என்பது பரவலான கருத்து. ஆனால் வெடிப்பு பெரும்பாலும் பனிக்கட்டி உள்ள இடத்தில் நிகழ்வதில்லை. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கட்டட ஆய்வுக் குழு 1990களில் நடத்திய சோதனைகள் இதைத் தெளிவாகக் காட்டின. பனிக்கட்டி அடைப்புக்கும் மூடிய திருகுகுழாய்க்கும் இடையே அகப்பட்டுக்கொண்ட நீரின் அழுத்தமே குழாயைப் பிளக்கிறது.

அடைப்பு வளரும்போது அது தன் இருபுறமும் உள்ள நீரைத் தள்ளுகிறது. ஊர்க் குழாய் இருக்கும் பக்கத்தில் அந்த நீர் பின்வாங்கிச் செல்ல வழி உண்டு. திருகுகுழாய் இருக்கும் பக்கத்தில் அவ்வழி இல்லை. நீர் எளிதில் அமுங்காது என்பதால், அங்கே மிகச் சிறிய அளவு இடம் குறைந்தாலும் அழுத்தம் பல மடங்கு உயரும்.

இதை ஓர் எளிய கணக்கால் அறியலாம். 13 மில்லிமீட்டர் உள்விட்டம் கொண்ட குழாயில், அடைப்புக்கும் மூடிய திருகுகுழாய்க்கும் இடையே 1 மீட்டர் நீளத்துக்கு நீர் நிற்கிறது எனக் கொள்வோம். அதன் அளவு ஏறத்தாழ 133 மில்லிலிட்டர். குழாய் சற்றும் விரியாது எனக் கொண்டால், இந்நீரின் அழுத்தத்தை 100 வளிமண்டலம் உயர்த்த அதை 0.7 மில்லிலிட்டருக்கும் குறைவாக அமுக்கினால் போதும். அடைப்பு மேலும் 5 அல்லது 6 சென்டிமீட்டர் வளர்ந்தாலே இது நிகழ்ந்துவிடும். வீட்டுக் குழாய்களின் வழக்கமான அழுத்தம் 3 முதல் 5 வளிமண்டலம் மட்டுமே. பனிக்கட்டி அதற்கு மேலும் அழுத்தம் தர வல்லது. −5 பாகையில் அது ஏறத்தாழ 600 வளிமண்டலம் வரை தாக்குப்பிடித்து வளரும்.

இதே கணக்கின் மறுபக்கமும் முக்கியமானது. திருகுகுழாய் திறந்திருந்தால், அந்த 0.7 மில்லிலிட்டர் நீர் பத்துப் பதினைந்து சொட்டுகளாக வெளியே விழுந்துவிடும். அழுத்தம் உயராது, குழாயும் பிளக்காது. உறைந்த குழாயைக் காப்பதற்கான நடைமுறைகள் பலவும், குளிர்காலத்துக்கு முன் செய்யப்படும் ஆயத்தங்களில் பெரும்பாலானவையும், அகப்பட்ட நீருக்கு வெளியேற வழிவிடுவது என்னும் ஒரே கொள்கையின் அடிப்படையில் அமைந்தவையாகும்.

குழாய்ப் பொருட்களும் உறைதலும்

செம்புக் குழாய் அழுத்தம் மிகும்போது ஓரிடத்தில் புடைத்து, அப்புடைப்பின் மேல் நீளவாட்டில் கிழிகிறது. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் வலுவானது என்றாலும், துருவேறிய இடத்திலோ மரையிட்ட இணைப்பிலோ விட்டுக்கொடுக்கும். பிவிசி, சிபிவிசி குழாய்கள் குளிரில் நொறுங்கும் தன்மை பெறுவதால் சில்லுகளாக உடையக்கூடும். பெக்ஸ் எனப்படும் குறுக்குப்பிணைப்புப் பாலித்தீன் குழாய் ஓரளவு விரிந்து மீளக்கூடியது. ஆயினும் அதன் பித்தளை இணைப்புகளும் வால்வுகளும் விரிவதில்லை. ஆகையால் பெக்ஸ் குழாய் உறையாது, வெடிக்காது என்று கருதுவது சரியன்று.

உறையக்கூடிய இடங்கள்

தோட்டத்துக்கு நீர் பாய்ச்சவும் கார் கழுவவும் வீட்டின் வெளிச்சுவரில் பொருத்தப்படும் திருகுகுழாயே முதலில் உறைவது. அடுத்து, தோட்டத் தெளிப்பான் குழாய்கள், நீச்சல் குளக் குழாய்கள், கால்நடைத் தொட்டிகளுக்குச் செல்லும் குழாய்கள் ஆகியவை உறைகின்றன. வெப்பமூட்டப்படாத கார் கொட்டகை, வெளிச்சுவரின் உட்பகுதி, வீட்டுத் தளத்துக்கும் தரைக்கும் இடையே உள்ள தாழ்வான வெளி, கூரைக்கு அடியில் உள்ள பரண் ஆகிய இடங்களில் செல்லும் குழாய்களும் வெளிக் குழாய்களைப் போலவே குளிரில் அகப்படுகின்றன.

பிரித்தானிய வீடுகளில் இன்னொரு வெளிக் குழாயும் அடிக்கடி உறைகிறது. வீட்டைச் சூடாக்கும் நவீன எரிவாயுக் கொதிகலன்கள், புகையில் உள்ள நீராவியைக் குளிர்வித்து நீராக்கி, மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வழியே வெளியேற்றுகின்றன. அக்குழாய் சுவருக்கு வெளியே நீண்டு சென்றால் கடுங்குளிரில் அடைத்துக்கொள்ளும். உடனே கொதிகலன் நின்றுவிடுவதால், மிகக் குளிரான நாளில் வீடு வெப்பமின்றிப் போகிறது. வெதுவெதுப்பான நீரைக் குழாயின் மேல் ஊற்றினால் இந்த அடைப்பு பெரும்பாலும் நீங்கும்.

உறையும் வெப்பநிலை

இல்லினாய் ஆய்வின் முடிவுப்படி, வெப்பக்காப்பு இல்லாத பரணில் செல்லும் குழாய்களுக்கு வெளி வெப்பநிலை ஏறத்தாழ −7 பாகைக்குக் கீழே இறங்குவது எச்சரிக்கை அளவாகும். இது 20 பாகை பாரன்கீட்டுக்குச் சமம். நேரடியாகத் திறந்தவெளியில் உள்ள குழாய் இதைவிட மிதமான குளிரிலும் உறையலாம். வெப்பநிலையைப் போலவே, அது நீடிக்கும் நேரமும் முக்கியம். ஓரிரு மணி நேரக் குளிரைத் தாங்கிய குழாய், இரவு முழுதும் நீடிக்கும் அதே குளிரில் உறைந்துவிடும்.

காற்று வீசுவதால் குழாயின் வெப்பநிலை சுற்றுக்காற்றின் வெப்பநிலைக்குக் கீழே போவதில்லை. ஆனால் குழாய் குளிரும் வேகம் மிகுதியாகிறது. சுவரில் உள்ள சிறு ஓட்டை வழியே நுழையும் காற்று, நன்கு மூடப்பட்ட குழாயின் ஒரு சாண் நீளத்தை மட்டும் உறையச் செய்துவிடக்கூடும்.

குளிர் வழக்கமில்லாத பகுதிகளில்தான் சேதம் மிகுதி. கனடாவின் கட்டடங்களில் குழாய்கள் பெரும்பாலும் வெப்பமான உட்பகுதி வழியே கொண்டுசெல்லப்படுகின்றன. அமெரிக்காவின் தென் மாநிலங்களிலோ பரண் வழியாகவும் வெளிச்சுவர் வழியாகவும் குழாய் செலுத்துவது வழக்கம். 2021 பெப்ரவரியில் டெக்சாஸ் மாநிலத்தைத் தாக்கிய பனிப்புயலின்போது இவ்வேறுபாடு வெளிப்பட்டது. 45 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் வணிக நிலையங்களும் மின்சாரம் இழந்தன. வெப்பமின்றிக் குளிர்ந்த வீடுகளில் குழாய்கள் உறைந்து வெடித்தன. நீரழுத்தம் வீழ்ந்ததால், ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் நீரைக் கொதிக்கவைத்தே பருக வேண்டும் என அறிவிக்கப்பட்டது.

அறிகுறிகள்

திருகுகுழாயைத் திறந்தால் நீர் வராமலிருப்பதோ, நூல்போல் மட்டும் வருவதோ முதல் அறிகுறி. வீட்டின் மற்றத் திருகுகுழாய்களில் நீர் வழக்கம்போல் வந்தால், அடைப்பு அந்த ஒரு கிளையில் மட்டும் உள்ளது எனக் கொள்ளலாம். எங்குமே வரவில்லை என்றால், வீட்டுக்கு நீர் வரும் குழாயோ தெருக்குழாயோ உறைந்திருக்கலாம்.

குழாயின் மேல் வெண்ணிற உறைபனி படிந்திருத்தல், ஓரிடம் புடைத்திருத்தல், தொட்டால் ஒரு பகுதி மட்டும் மிகக் குளிர்ந்திருத்தல் ஆகியவை அடைப்பு உள்ள இடத்தைக் காட்டும். கண்ணுக்குத் தெரியாத இடங்களில், சுவரைத் துளைத்துச் செல்லும் பகுதி, வெளிச்சுவரை ஒட்டிய முழங்கை வளைவு, காற்று நுழையும் இடுக்கு ஆகியவற்றை முதலில் பார்ப்பது வழக்கம்.

உறைந்த குழாயை இளக்குதல்

குழாய் ஏற்கெனவே பிளந்திருந்தாலும், பனிக்கட்டி அடைத்துக்கொண்டிருக்கும்வரை நீர் வெளியே வராது. பனி உருகும்போதுதான் கசிவு தெரியும். எனவே இளக்கத் தொடங்கும் முன்னரே நீரை நிறுத்தும் வால்வு எங்குள்ளது, அது திரும்புகிறதா என்று அறிந்திருக்க வேண்டும். வழக்கமான முறை பின்வருமாறு அமையும்.

1. வெளித் திருகுகுழாயை முழுவதுமாகத் திறக்க வேண்டும். உருகும் நீரும், அகப்பட்ட அழுத்தமும் வெளியேற இதுவே வழி. ஹோஸ் மாட்டியிருந்தால் கழற்ற வேண்டும். அது ஒட்டிக்கொண்டிருந்தால் இணைப்பின் மேல் வெதுவெதுப்பான நீரை ஊற்றலாம்.

2. கண்ணுக்குத் தெரியும் குழாய் முழுவதையும் பார்க்க வேண்டும். பிளவோ புடைப்போ இருந்தால் நீரை நிறுத்திவிட்டு பிளம்பரை அழைப்பதே தகும்.

3. வெளிக் குழாய்க்கென்று வீட்டுக்குள் தனி வால்வு இருந்தால் அதை மூடலாம். வால்வின் அருகே ஒருவர் நிற்க முடியுமானால் திறந்தே வைக்கலாம். அடைப்பில் சிறு வழி ஏற்பட்டதும் ஓடும் நீரே மீதிப் பனியை விரைவாக உருக்கும்.

4. வெப்பமூட்டுவதைத் திருகுகுழாயின் பக்கத்திலிருந்து தொடங்கி, அடைப்பை நோக்கி மெல்ல நகர வேண்டும். நடுவில் தொடங்கினால், உருகிய நீர் இரு பனிக்கட்டிகளுக்கு இடையே அகப்பட்டு அழுத்தம் உண்டாக்கும்.

5. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் குழாயில் சுற்றி, ஆறியதும் மாற்றிக்கொண்டிருக்கலாம். ஹேர் டிரையர், வெப்பப் பட்டை ஆகியவற்றையும் பயன்படுத்தலாம். ஹேர் டிரையரை ஓரிடத்தில் நிறுத்தாமல் முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும்.

6. நீர் முழு வேகத்தில் வந்த பிறகும் உடனே மூடிவிடாமல் சில நிமிடங்கள் ஓடவிட வேண்டும். பின்னர் மூடி, இணைப்புகளிலும் வீட்டின் உட்புறச் சுவரிலும் கசிவு உண்டா எனப் பார்க்க வேண்டும்.

இளக்குவதற்குப் பொறுமை தேவை. மேற்கூறிய 13 மில்லிமீட்டர் குழாயின் 1 மீட்டர் நீளத்தில் உள்ள பனிக்கட்டியை உருக்கக் கணக்குப்படி 44 கிலோயூல் வெப்பம் போதும். 1,500 வாட்டு ஹேர் டிரையர் அரை நிமிடத்தில் வெளியிடும் வெப்பம் இது. ஆனால் அதன் பெரும்பகுதி காற்றிலும் சுவரிலும் வீணாகிறது. நடைமுறையில் அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். விரைந்து முடிக்க வேண்டும் என்னும் அவசரத்தில்தான் பலரும் நெருப்பை நாடுகின்றனர்.

செய்யக் கூடாதவை

பற்றவைப்பு விளக்கு, மண்ணெண்ணெய்ப் பந்தம், எரியும் காகிதம் என எந்தத் திறந்த நெருப்பையும் குழாயில் காட்டக்கூடாது. வட அமெரிக்க வீடுகள் பெரும்பாலும் மரச் சட்டங்களால் ஆனவை. சுவருக்குள் உள்ள மரமும் வெப்பக்காப்புப் பஞ்சும் கண்ணுக்குத் தெரியாமல் கனிந்து, நேரம் கழித்துத் தீப்பற்றலாம். குழாயின் பற்றாசு இணைப்புகள் உருகிக் கழன்றுவிடும். இரு பனிக்கட்டிகளுக்கு நடுவே நீர் கொதித்தால் நீராவியின் அழுத்தத்தால் குழாய் வெடித்து, அருகில் இருப்பவரைக் காயப்படுத்தும்.

காஷ்மீரில் சில்லாய் கலான் எனப்படும் 40 நாள் கடுங்குளிர்க் காலம் திசம்பர் 21ஆம் நாள் தொடங்குகிறது. 2021 சனவரி 14 அன்று சிறீநகரில் வெப்பநிலை −8.4 பாகைக்கு இறங்கியது. அங்கு வெளிச்சுவரிலும் தரைமட்டத்திலும் செல்லும் குழாய்கள் இக்காலத்தில் உறைவது வழக்கம். குழாயின் அடியில் சிறு தீ மூட்டி இளக்கும் காட்சியை அங்கு இன்றும் காணலாம். திறந்தவெளியில் நிற்கும் இரும்புக் குழாயில் தீ விபத்துக்கான வாய்ப்பு குறைவு என்றாலும், இணைப்புகள் கெடும். பிளாஸ்டிக் குழாயில் இம்முறை குழாயையே அழித்துவிடும்.

கொதிக்கும் நீரை நேரடியாக ஊற்றுவதும் தவறு. திடீர் வெப்ப மாற்றத்தால் குழாயோ இணைப்போ விரிசல் காணலாம். பிவிசி குழாய் ஏறத்தாழ 80 பாகையில் மென்மையாகிவிடும். கீழே சிந்திய நீர் மீண்டும் உறைந்து வழுக்கும். மின்கருவியைக் கையாள்பவர் நீர் தேங்கிய இடத்தில் நிற்கக்கூடாது. மின்கசிவில் தானே துண்டிக்கும் பாதுகாப்புள்ள மின்செருகியையே பயன்படுத்த வேண்டும். கரி அடுப்பையும் எரிவாயு அடுப்பையும் மூடிய கொட்டகைக்குள் வைத்துச் சூடேற்றினால் கார்பன் மோனாக்சைடு நச்சால் உயிரிழப்பு நேரலாம்.

புதைந்த உலோகக் குழாய்களில் பற்றவைப்பு இயந்திரத்தின் மின்னோட்டத்தைச் செலுத்தி இளக்கும் முறை முன்பு பரவலாக இருந்தது. மின்னோட்டம் எதிர்பாராத வழிகளில் சென்று அண்டை வீடுகளில்கூடத் தீயை உண்டாக்கக்கூடும் என்பதால் பல நகரங்கள் அதைக் கைவிட்டுள்ளன. மெல்லிய குழல் ஒன்றைக் குழாய்க்குள் செலுத்தி, அதன் வழியே வெந்நீரைப் பாய்ச்சும் கருவி இப்போது பயன்படுகிறது.

குளிர்காலத்துக்கு முன் ஆயத்தம்

டொராண்டோ போன்ற நகரங்களில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் வெளித் திருகுகுழாயை மூடுவது வீட்டுப் பராமரிப்பின் ஒரு பகுதியாகும். இந்நகரில் பெருந்தொகையாக வாழும் தமிழர்களுக்கும் இது ஆண்டுதோறும் செய்யும் வேலையே. இதற்குச் செலவு ஏதுமில்லை.

முதலில் ஹோஸைக் கழற்றி, நீரை வடித்து உள்ளே வைக்க வேண்டும். பின்னர் நிலவறையிலோ சமையலறைத் தொட்டியின் கீழோ உள்ள தனி வால்வை மூட வேண்டும். வெளியே சென்று திருகுகுழாயைத் திறந்தால் மீதி நீர் வடியும். உள் வால்வின் பக்கத்தில் பல வீடுகளில் ஒரு சிறு மூடி இருக்கும். கீழே ஒரு வாளியை வைத்து அம்மூடியைத் திறந்தால், காற்று உள்ளே புகுந்து, தேங்கிய நீர் முழுவதும் வெளியேறும். அம்மூடியை மீண்டும் மூடிவிட்டு, வெளித் திருகுகுழாயைக் குளிர்காலம் முழுதும் திறந்தே வைக்க வேண்டும். உள் வால்வு சற்றே கசிந்தாலும் அந்த நீர் தேங்காமல் வெளியே சொட்டிவிடும்.

உள் வால்வை மூடிவிட்டு, வெளித் திருகுகுழாயையும் மூடிவைப்பது பலரும் செய்யும் தவறு. இரண்டு மூடிகளுக்கு நடுவே நீர் அகப்படுவதால், குழாய் பிளப்பதற்கு இதுவே மிகவும் ஏற்ற நிலை.

தோட்டத் தெளிப்பான் குழாய்களில் தாழ்வான இடங்களில் நீர் தேங்கும் என்பதால், அழுத்தக் காற்றைச் செலுத்தி நீரை வெளியேற்றுகின்றனர். காற்றழுத்தம் அளவு மீறினால் குழாய் உடைந்து சில்லு தெறிக்கும். எனவே பெரும்பாலும் பயிற்சி பெற்றவர்களே இதைச் செய்கின்றனர்.

உறையாத் திருகுகுழாய்

குளிர்நாடுகளில் புதிதாகக் கட்டப்படும் வீடுகளில் உறையாத் திருகுகுழாய் என்னும் வகை பரவலாக உள்ளது. வெளியே கைப்பிடியும் வாயும் இருந்தாலும், நீரை நிறுத்தும் அடைப்பு 15 முதல் 30 சென்டிமீட்டர் வரை நீண்ட தண்டின் முனையில், வீட்டின் வெப்பமான பகுதிக்குள் இருக்கும். மூடியவுடன் அடைப்புக்கு வெளியே உள்ள நீர் தானே வடிந்துவிடும். இதற்காகத் தண்டு வெளிப்புறம் நோக்கிச் சற்றே சரிந்திருக்க வேண்டும்.

இவ்வகையிலும் ஹோஸை மாட்டியபடி விட்டுவிட்டால் நீர் வடியாது. தேங்கிய நீர் உறைந்து தண்டைப் பிளக்கும். அடைப்பு உள்ளே இருப்பதால் குளிர்காலத்தில் கசிவு எதுவும் தெரியாது. வசந்த காலத்தில் முதன்முறை திறக்கும்போது, நீர் வெளியே வருவதோடு பிளவு வழியே சுவருக்குள்ளும் நிலவறைக்குள்ளும் பாயும். பெயரை நம்பி ஹோஸைக் கழற்றாமல் விடுவதே இவ்வகைக் குழாய்கள் சேதமடைவதற்கு முதன்மைக் காரணம்.

பண்ணைகளில் நிற்கும் உயரமான நீர்க்கம்பங்களும் இதே கொள்கையில் இயங்குகின்றன. அவற்றின் அடைப்பு, நிலம் உறையும் ஆழத்துக்கும் கீழே இருக்கும். மூடியதும் கம்பத்தில் நிற்கும் நீர், அடியில் உள்ள சிறு துளை வழியே சரளைக்கற்களுக்குள் வடிகிறது.

வெப்பக்காப்பும் வெப்பக் கம்பியும்

நுரை உறை, கம்பளித் துணி, வைக்கோல், சாக்கு போன்றவற்றால் குழாயைச் சுற்றுவது பழைய வழக்கம். இவை வெப்பம் தருவதில்லை. இருக்கும் வெப்பம் வெளியேறுவதைத் தாமதப்படுத்துகின்றன. நீர் அசையாமல் நிற்கும் குழாய், உறையிட்டிருந்தாலும், போதிய நேரம் குளிரில் இருந்தால் உறையும். ஒரே இரவுக் குளிருக்கு இந்தத் தாமதம் போதுமானது, வாரக்கணக்கில் நீடிக்கும் குளிருக்குப் போதாது. நனைந்த உறையால் பயன் குறைவு என்பதால் மேலே நீர் புகாத மூடுதல் தேவை.

வெப்பம் தரும் வழி மின்சார வெப்பக் கம்பியாகும். இதைக் குழாயின் நீளத்துக்கு ஒட்டிப் பொருத்துவர். ஒரே அளவு வெப்பம் தரும் வகை, வெப்பநிலைக்கு ஏற்பத் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் வகை என இருவகை உண்டு. முதல் வகைக் கம்பியை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி சுற்றினால் அவ்விடம் மிகுதியாகச் சூடாகித் தீப்பற்றலாம். உறை வெடித்த, பழைய கம்பிகளை மாற்றிவிட வேண்டும். மின்சாரம் நின்றால் இதன் பாதுகாப்பும் நின்றுவிடும்.

நீரை ஒழுக விடுதல்

கடுங்குளிர் இரவுகளில் திருகுகுழாயைச் சற்றே திறந்து நீரைச் சொட்ட விடுவது பரவலான அறிவுரை. ஓடும் நீர் நிலத்தடியிலிருந்து சிறிது வெப்பத்தைக் கொண்டுவருகிறது. அதைவிட முக்கியமாக, குழாய் உறைந்தாலும் அழுத்தம் வெளியேற வாய் திறந்திருக்கிறது. சொட்டுவது நின்றுவிட்டாலும் திருகுகுழாயை மூடக்கூடாது என்று சொல்லப்படுவதற்குக் காரணம் இதுவே.

ஓர் ஊரே இவ்வாறு செய்தால் நீர்வழங்கல் தாங்காது. 2021இல் டெக்சாசின் ஹூஸ்டன் நகரில் நீரழுத்தம் குறைந்தபோது, குழாய் உறையாமலிருக்க நீரை ஓடவிட வேண்டாம் என்று நகர நிர்வாகம் கேட்டுக்கொண்டது. அத்தகைய வேளையில் பிரதான வால்வை மூடி, எல்லாத் திருகுகுழாய்களையும் திறந்து நீரை வடித்துவிடுவதே மாற்று வழி.

புதைந்த குழாய்கள்

நிலம் மேலிருந்து கீழாக மெல்ல உறைகிறது. டொராண்டோ பகுதியில் கட்டட அடித்தளங்களுக்கு 1.2 மீட்டர் உறைபனி ஆழமாகக் கொள்ளப்படுகிறது. வின்னிபெக் நகரில் இது மேலும் ஆழமானது. 2013-14 குளிர்காலத்தில் அங்கு உறைபனி 2 மீட்டருக்கும் கீழே சென்று, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் குழாய்கள் உறைந்தன. காற்று வெப்பமடையத் தொடங்கிய பின்னரும் மண்ணுக்குள் குளிர் சில வாரங்கள் கீழிறங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே புதைந்த குழாய்கள் மார்ச்சு மாதத்திலும் உறைவதுண்டு. பனி அள்ளப்பட்ட வாகனப் பாதையின் கீழ் உறைபனி ஆழமாக இறங்கும். பனி மூடிய புல்தரையின் கீழ் அப்பனியே போர்வையாகி மண்ணைக் காக்கும்.

பனி உருகிய பின்

குழாய் உடைப்பின் முழு அளவு, குளிர் தணிந்த பிறகே தெரியவருகிறது. 2018 மார்ச்சுத் தொடக்கத்தில் பிரித்தானியாவில் கடுங்குளிர் நீங்கிப் பனி இளகியபோது, தெருக்குழாய்களிலும் வீட்டுக் குழாய்களிலும் பெருமளவில் கசிவு ஏற்பட்டது. 2,00,000க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் 4 மணி நேரத்துக்கும் மேலாக நீரின்றி இருந்தனர்.

வீட்டில் குழாய் வெடித்திருந்தால் முதலில் பிரதான வால்வை மூட வேண்டும். பின்னர் எல்லாத் திருகுகுழாய்களையும் திறந்து மீதி நீரை வடிக்க வேண்டும். நீர் படும் பகுதிக்குச் செல்லும் மின்சாரத்தை, காய்ந்த இடத்தில் நின்று நிறுத்த முடியுமானால் நிறுத்த வேண்டும். நனைந்த சுவரையும் தரைவிரிப்பையும் ஓரிரு நாட்களுக்குள் உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

வசந்த காலத்தில் வெளித் திருகுகுழாயை மீண்டும் இயக்கும்போது இருவர் இருப்பது நல்லது. ஒருவர் வெளியே திருகுகுழாயை மூட, மற்றவர் உள் வால்வை மெல்லத் திறந்து சுவரோரக் குழாயைக் கவனிக்க வேண்டும். கசிவு இல்லையென்றால் வெளித் திருகுகுழாயைத் திறந்து மீண்டும் பார்க்க வேண்டும். உறையாத் திருகுகுழாயில் பிளவு இருந்தால் இந்த இரண்டாம் கட்டத்தில்தான் தெரியும். வாயை விரலால் அழுத்தி மூடும்போது நீரோட்டம் முழுவதும் நின்றுவிட்டால், சுவருக்குள் எங்கோ பிளவு உண்டு என்றோ அழுத்தம் மிகக் குறைவு என்றோ பொருள். நல்ல நிலையில் உள்ள குழாயில் விரலின் ஓரங்கள் வழியே நீர் பீறிடும்.